பாதரசத்தை ஒளிரும் புரோப் கொண்டு சோதிக்கப் போகிறவர்களுக்கு: பாட்டிலிலிருந்து தொடங்குங்கள்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இறுதியாண்டு ஆய்வுக்கும் முதுகலை ஆய்வுக்கும் 'ஆற்று நீரில் பாதரசம்' என்று தலைப்பு எடுக்கும் நம் மாணவர்கள் பலர், முதல் வாரமே, பாதரசம் பட்டால் நிறமோ ஒளியோ மாறும் புரோப் மூலக்கூறைத் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் படம் அழகாக இருக்கும்: நிறமற்ற கரைசல், பாதரசம் பட்டதும் இளஞ்சிவப்பு, விளக்கடியில் ஆரஞ்சு ஒளி. அந்த நிற மாற்றம் உங்களுக்கும் வந்துவிடும், அது கடினமில்லை. ஆற்றிலிருந்து கொண்டுவந்த நீரில் வரும் எண்ணை நம்பலாமா என்பதுதான் கடினம். அதைக் கெடுப்பவை பெரும்பாலும் பாட்டில், அமிலம், பிளாங்க் (பாதரசம் சேர்க்காத ஒப்பீட்டு நீர்), பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) ஆகியவையே. அதனால் இந்த வழிகாட்டியில் புரோப்புக்கு மூன்றாம் இடம்தான்.

வேதியியல் லேபில் அடிப்படைப் பயிற்சியும், மேற்பார்வையாளரும், புகைக்கூண்டும் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் வேலைப் பெட்டி) உள்ளவர்களுக்காக எழுதியது இது. வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கும் வேலை இல்லை. பாதரச உப்பும், புரோப் செய்யப் பயன்படும் ஹைட்ரசீனும் கடும் நச்சு.

1. எந்த எண்ணைப் பிடிக்க வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

மலேசியக் குடிநீர்த் தரத்தில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, கனிமப் பாதரசத்துக்கு 6 மைக்ரோகிராம். தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில் இரண்டு தரங்கள் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்நோக்கிக் கழிவு விடும் ஆலைக்குத் தரம் ஏ: 0.005 மில்லிகிராம். மற்றவற்றுக்குத் தரம் பி: 0.05 மில்லிகிராம்.

புரோப் கட்டுரைகள் மோலாரில் பேசும், சட்டம் மில்லிகிராமில் பேசும். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பாதரசம் என்பது ஏறக்குறைய 5 நானோமோலார். இதை மேசை மேல் ஒட்டி வையுங்கள். தரம் ஏ 25 நானோமோலார், தரம் பி 250 நானோமோலார், குடிநீர் வரம்பு 5 நானோமோலார். கட்டுரையில் 'கண்டறியும் எல்லை 0.5 மைக்ரோமோலார்' என்றிருந்தால், அது 100 மைக்ரோகிராம். அந்தப் புரோப் தரம் பி கழிவுநீருக்கே போதாது. தலைப்பில் 'குடிநீர்' என்ற சொல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

இன்னொன்று: மாசுபடாத ஆற்று நீரில் பாதரசம் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவில்தான் இருக்கும். அது குடிநீர் வரம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. எந்த எளிய புரோப்பும் அங்கே எட்டாது. ஆகவே 'ஒளிரவில்லை' என்றால் 'இந்த அளவுக்குக் கீழே இருக்கிறது' என்று மட்டுமே எழுதலாம். ஆறு சுத்தம் என்று எழுதக் கூடாது. லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் கிடக்கும் பாதரசம்கூட மெத்தில் பாதரசமாகி மீனில் சேரும்.

என் கருத்து: கழிவுநீர், வடிகால், சேற்றைக் கரைத்து எடுத்த நீர், பாதரசத்தை உறிஞ்சும் பொருள் ஆய்வு இவற்றுக்குப் புரோப் நல்ல கருவி. குடிநீருக்கும் சுத்தமான ஆற்றுக்கும் நேராகக் குளிராவி முறைக்கு (பாதரசத்தை ஆவியாக்கி அளக்கும் முறை) போய்விடுங்கள்.

2. காகித வேலையும் முன்பதிவும்

வேதிப்பொருள் வாங்குவதற்கு முன்பே இவை கையில் இருக்க வேண்டும்:

பாதுகாப்புத் தரவுத் தாள் ஒவ்வொரு பொருளுக்கும், ஹைட்ரசீன் ஹைட்ரேட், பினைல் ஐசோதயோசயனேட், பாதரச நியமக் கரைசல் மூன்றுக்கும் கட்டாயம். 2000ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார விதிமுறைப்படி லேபுக்கு வேதிப்பொருள் சுகாதார அபாய மதிப்பீடு இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தாலும், அதில் பாதரசமும் ஹைட்ரசீனும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சேர்க்காமல் தொடங்கினால் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். விற்பனையாளர் பொதுவாகத் துறைத் தலைவரின் கடிதமும், எதற்காக, எவ்வளவு என்ற பயன்பாட்டு உறுதிமொழியும் கேட்பார். இரண்டையும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்தால் ஆர்டர் நிற்காது. மாதிரி எடுக்கும் இடம் ஆலை வளாகத்துக்குள் இருந்தால் எழுத்து மூல அனுமதி வேண்டும். காவலாளியின் தலையசைப்பு போதாது.

ஆபத்தான சரக்கு என்ற வகையில் வரும் பொருள்கள் கையிருப்பில் இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். திட்டத்தில் எட்டு வாரம் ஒதுக்குங்கள். விலைப்பட்டியல் கேட்கும்போது பொருளின் விலையோடு ஆபத்துச் சரக்குக் கட்டணத்தையும் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். சிறிய புட்டிக்குச் சில சமயம் அந்தக் கட்டணமே பெரிதாக இருக்கும். மூன்று ஆர்டரை ஒன்றாக்கினால் அந்தப் பணம் மிஞ்சும்.

அதே வாரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, உறுதிப்படுத்தும் கருவிக்கு முன்பதிவு. குளிராவி அணு உறிஞ்சல் கருவியோ ஐசிபி-எம்எஸ்ஸோ (உலோகங்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) எங்கே இருக்கிறது, உள் மாணவருக்கும் வெளியாருக்கும் கட்டணம் எவ்வளவு, பாதரசம் ஓட்ட ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஐசிபி-எம்எஸ் குழாய்களில் பாதரசம் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியிலும் தலைகாட்டும் என்பதால், சில லேப்கள் பாதரசத்தை ஏற்பதில்லை. இதைக் கடைசி மாதத்தில் தெரிந்துகொள்வது மிகக் கொடுமை.

3. புரோப்பைத் தேர்ந்தெடுப்பது

பாதரசம் பட்டால் ஒளி அணையும் வகை, ஒளி ஏறும் வகை என்று இரண்டு உண்டு. அணையும் வகையைத் தொடவே வேண்டாம். கனமான அணுவோ, செம்போ, இரும்போ, கலங்கலோ, எது பட்டாலும் ஒளி குறையும். குறைந்ததற்குப் பாதரசம்தான் காரணம் என்று நிறுவவே முடியாது.

ஏறும் வகையில் புதியவர்களுக்கு ஏற்றது ரோடமீன் என்ற ஒளிரும் சாயத்தின் அடிப்படையிலான, கந்தகம் உள்ள தயோசெமிகார்பசைடு. மூடிய வளையமாக இருக்கும்போது நிறமும் ஒளியும் இல்லை. பாதரசம் கந்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, மூலக்கூறு ஆக்சாடயசோலாக மாறி வளையம் திறக்கிறது, ரோடமீன் ஒளிர்கிறது. இது ஒரு வழிப் பாதை. ஒரு மூலக்கூறு ஒரு முறைதான் வேலை செய்யும், கழுவி மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் 'மீள்தன்மை சோதனை' என்று நாள்களை வீணாக்க வேண்டாம்.

ரோடமீன் பி-யா, ரோடமீன் 6ஜி-யா? பி மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் ஒளி வெப்பத்துக்கு மிகவும் அசையும். ஒரு டிகிரி ஏறினால் ஒளி சுமார் 2 விழுக்காடு இறங்கும். வெளியே 32 டிகிரி, ஏசி லேபில் 22 டிகிரி என்றால், இடையில் ஐந்தில் ஒரு பங்கு ஒளி காணாமல் போகும். 6ஜி இந்த விஷயத்தில் மிகவும் நிலையானது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள குவெட் (மாதிரியை ஊற்றும் சிறு கலம்) தாங்கி உங்கள் ஃபுளூரோமீட்டரில் (ஒளியை அளக்கும் கருவியில்) இருந்தால் பி போதும். இல்லாவிட்டால், அல்லது களத்துக்கே எடுத்துப் போவதானால், 6ஜி.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு பொறி. கந்தகத்தைத் தேடும் உலோகம் பாதரசம் மட்டுமல்ல. வெள்ளி, தங்கம், பல்லேடியம், ஓரளவு செம்பும் அப்படித்தான். பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸ், பிறை ஆகிய ஊர்களில் இருக்கும் மின்னணு, முலாம் பூசும் தொழில்களில் புழங்குபவை இதே உலோகங்கள். கட்டுரையில் சோடியம், கால்சியம், துத்தநாகம், ஈயம் என்று பதினைந்து அயனிகளைச் சோதித்து 'தேர்வுத்திறன் மிக நன்று' என்று எழுதியிருப்பார்கள். வெள்ளியும் பல்லேடியமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே சோதியுங்கள். செம்பை மறைக்க ஈடிடிஏ சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள், ஈடிடிஏ செம்பைவிடப் பாதரசத்தைத்தான் இறுகப் பிடிக்கும்.

4. புரோப்பைச் செய்வதும் சுத்தம் பார்ப்பதும்

முதல் படி, ரோடமீன் பி ஹைட்ரசைடு. 1.2 கிராம் ரோடமீன் பி-யை 30 மி.லி. எத்தனாலில் கரைத்து, புகைக்கூண்டுக்குள் நன்றாகக் கலக்கிக்கொண்டே 3 மி.லி. ஹைட்ரசீன் ஹைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு 2 மணி நேரம் மீள்கொதி (எழும் ஆவியைக் குளிர்வித்துத் திருப்பிவிட்டபடி கொதிக்க வைத்தல்). கரும் ஊதா போய் வெளிர் ஆரஞ்சாகத் தெளிந்தால் முடிந்தது. தெளியாவிட்டால் இன்னும் அரை மில்லிலிட்டர் ஹைட்ரசீனும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். கரைப்பானை நீக்கி, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 50 மி.லி. விட்டால் சிவப்புக் கரைசல் வரும். அதில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை மெல்ல மெல்லச் சேர்த்து பிஎச் 9 அல்லது 10க்குக் கொண்டுவாருங்கள். வீழ்படிவை வடிகட்டி, 15 மி.லி. நீரில் மூன்று முறை கழுவி, உலர்த்துங்கள். 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கிடைத்தால் நல்ல விளைச்சல்.

இரண்டாம் படி: 457 மி.கி. ஹைட்ரசைடை 10 மி.லி. உலர் டிஎம்எஃப்பில் கரைத்து, 0.145 மி.லி. பினைல் ஐசோதயோசயனேட் சேர்த்து, அறை வெப்பத்தில் இரவு முழுவதும் கலக்குங்கள். காலையில் 100 மி.லி. குளிர்ந்த நீரில் ஊற்றி, வடிகட்டிக் கழுவி, எத்தனாலில் மறுபடிகமாக்குங்கள்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பொருள் கிடைத்துவிட்டது, எடையும் சரி. ஆனால் கரைத்தால் மெல்லிய இளஞ்சிவப்பு. 'பரவாயில்லை, லேசான நிறம்தானே' என்று மேலே போனால் முழு ஆய்வும் பாழ். ஆயிரத்தில் ஒரு பங்கு ரோடமீன் பி மிஞ்சியிருந்தாலும், 10 மைக்ரோமோலார் புரோப்பில் அது 10 நானோமோலார் சாயம். நீங்கள் பிடிக்க நினைக்கும் பாதரசமே அந்த அளவுதான். மிச்சச் சாயம் பிளாங்கை உயர்த்தும், பிளாங்க் உயர்ந்தால் சிதறலும் உயரும், கண்டறியும் எல்லை கைவிட்டுப் போகும். அசிட்டோநைட்ரைலில் 1 மில்லிமோலார் கரைசல் நிறமற்றுத் தெரியும்வரை மறுபடிகமாக்குங்கள், அல்லது சிலிக்கா தூணில் பிரியுங்கள்.

தூணில் ஒரு கவனம். சிலிக்கா அமிலத்தன்மை உள்ளது, புரோப்பின் வளையத்தை அதுவே திறந்து இளஞ்சிவப்பாக்கும். கரைப்பானில் 1 விழுக்காடு டிரைஎத்திலமீன் சேர்த்தால் அடங்கும். மெல்லடுக்குத் தகட்டில் புள்ளி சிவந்தால் உடனே 'அசுத்தம்' என்று முடிவு கட்ட வேண்டாம். தகட்டை எடுத்த கையோடு, சிவக்கும் முன் 365 நானோமீட்டர் விளக்கில் பாருங்கள். அடிக்கோட்டிலேயே ஆரஞ்சாக ஒளிர்ந்து நிற்பதுதான் மாறாத ரோடமீன்.

5. பாட்டிலும் மாதிரியும்

சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலில் பாதரசம் சுவரில் ஒட்டும், ஆவியாகச் சுவர் வழியே போகவும் வரவும் செய்யும். போரோசிலிகேட் கண்ணாடி அல்லது ஃபுளூரோபாலிமர் பாட்டில் மட்டுமே. கண்ணாடி மலிவு, அதுவே போதும். மூடியின் உள்பக்கம் டெஃப்லான் இருக்கட்டும். 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, தூய நீரில் மூன்று முறை அலசி, மூடி, இரட்டை ஜிப் பையில் போடுங்கள். இந்தப் பாட்டில்களை வேறு எதற்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள். முன்பு பாதரச வெப்பமானி உடைந்த லேபில் பாட்டில்களைத் திறந்து உலர்த்துவதும் வேண்டாம். தரை இடுக்கில் கிடக்கும் துளி வருடக்கணக்கில் ஆவி விடும்.

களத்தில் இருவர் போங்கள். ஒருவர் அழுக்கான பொருள்களைத் தொடுவார், மற்றவர் புதுக் கையுறையோடு பாட்டிலை மட்டும் தொடுவார். பாட்டிலை அதே ஆற்று நீரில் மூன்று முறை அலசி, நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்புங்கள். கூடவே ஒரு பாட்டில் தூய நீர் கொண்டுபோய், அங்கே திறந்து மூடிக் கொண்டுவாருங்கள். அதுதான் களப் பிளாங்க். அது இல்லாமல் வந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கரைந்த பாதரசமா, மொத்தப் பாதரசமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். கரைந்ததற்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். மொத்தத்துக்கு வடிக்கக் கூடாது.

சுங்கை பினாங் முகத்துவாரத்திலும் ஜூரு ஆற்றின் கடல் பக்கத்திலும் அலை ஏறும்போது உப்பு நீர் உள்ளே வரும். அலை அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கும் நேரத்தில் எடுங்கள். உப்புத்தன்மையையும் பிஎச்சையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். ஏன் என்று எட்டாம் படியில் தெரியும்.

அடர் நைட்ரிக் அமிலத்தைக் காரில் கொண்டுபோக வேண்டாம். மாதிரியைப் பனிப்பெட்டியில் வைத்து அன்றே லேபுக்குக் கொண்டுவந்து அமிலம் சேர்த்தால் போதும். ஜூருவில் எடுத்து தீவிலுள்ள மிண்டனுக்குத் திரும்புவதானால், மாலை நேரத்தில் பாலத்தில் நிற்க நேரும், அதையும் கணக்கில் வையுங்கள். 100 மி.லி. நீருக்கு 0.2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம், பிஎச் 2க்குக் கீழே போகும். அமிலத்தை அதே பாட்டிலுக்குள் விட வேண்டும். வேறு பாட்டிலுக்கு ஊற்றிய பிறகு விட்டால், பழைய சுவரில் ஒட்டியது அங்கேயே தங்கிவிடும். இப்படிப் பதப்படுத்திய மாதிரியை 28 நாளுக்குள் அளந்து முடியுங்கள்.

6. கரைசல்களும் கலக்கும் வரிசையும்

பாதரசக் குளோரைடுத் தூளை வாங்கி நிறுக்காதீர்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்று சான்றளித்த நியமக் கரைசலை, நைட்ரிக் அமிலத்தில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தூள் பறக்காது, எடைப்பிழை இல்லை, சான்றிதழையும் அறிக்கையில் சேர்க்கலாம். அதில் 2.006 மி.லி. எடுத்து, 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 100 மி.லி. ஆக்கினால் 100 மைக்ரோமோலார். இதிலிருந்து வேலைக் கரைசல்களை அன்றன்று செய்யுங்கள். நானோமோலார் கரைசல் நாளைக்கு நிற்காது.

எச்சரிக்கை ஒன்று: மெத்தில் பாதரசத்தையும் சோதிக்கலாமே என்று யாராவது சொன்னால், டைமெத்தில் பாதரசம் என்ற பெயர் பட்டியலில் எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், கையுறையின் மேல் சிந்திய சில துளிகளால் 1997இல் உயிரிழந்தார். சாதாரண கையுறை அதைத் தடுக்காது.

புரோப் ஸ்டாக்: 5.92 மி.கி.யை 10 மி.லி. அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 1 மில்லிமோலார். பழுப்புப் புட்டியில், 4 டிகிரியில். நிறம் ஏறினால் கொட்டிவிடுங்கள்.

பஃபர்: 200 மில்லிமோலார் ஹெபெஸ், பிஎச் 7.2. பிஎச்சைச் சோடியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்யுங்கள். உயிரியல் லேபில் தயாராக இருக்கிறதே என்று பாஸ்பேட் உப்புக் கரைசலைக் கடன் வாங்க வேண்டாம். அதிலுள்ள குளோரைடு பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அமில மாதிரியை அளக்கும் முன் நடுநிலையாக்க வேண்டும். பிஎச் 5க்குக் கீழே இருந்தால் பாதரசமே இல்லாமல் புரோப் தானாக ஒளிரும். இளஞ்சிவப்பைப் பார்த்து மகிழ்ந்து, பிறகு அது அமிலத்தின் வேலை என்று தெரிந்து மனம் உடைவது புதியவர்களுக்கு வாடிக்கை. 10 மி.லி. மாதிரிக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சுமார் 0.32 மி.லி. பிடிக்கும். பிஎச் 6க்கும் 7க்கும் இடையில் நிறுத்துங்கள். அதைத் தாண்டவிட வேண்டாம். வீழும் இரும்பு பாதரசத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நடுநிலையாக்கிய மாதிரியைக் காத்திருக்க வைக்காதீர்கள், உடனே கலக்குங்கள்.

5 மி.லி. கண்ணாடிக் குப்பியில் இந்த வரிசை: பஃபர் 0.5 மி.லி., மாதிரி 3.0 மி.லி., அசிட்டோநைட்ரைல் 1.45 மி.லி., கடைசியாகப் புரோப் ஸ்டாக் 50 மைக்ரோலிட்டர். புரோப் 10 மைக்ரோமோலார், அசிட்டோநைட்ரைல் 30 விழுக்காடு. அதைக் குறைத்தால் புரோப் நீரில் துகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும். புரோப்பை முதலில் விட்டாலும் அதுவே நடக்கும். இருட்டில், 25 டிகிரியில், சரியாக 30 நிமிடம். ஒவ்வொரு குப்பிக்கும் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள்.

7. அளவிடுதலும் அளவுக்கோடும்

ரோடமீன் பி வகைக்கு 530 நானோமீட்டரில் தூண்டி, 550 முதல் 680 வரை பதியுங்கள். உச்சம் 580ஐ ஒட்டி வரும். 646 அருகே ஒரு சிறு மேடு எல்லாக் குப்பியிலும் தெரிந்தால், அது நீரின் ராமன் சிதறல், பாதரசமல்ல. தூண்டல் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதால் குவார்ட்ஸ் குவெட் தேவையில்லை. நான்கு பக்கமும் தெளிந்த கண்ணாடிக் குவெட் போதும், பட்ஜெட்டில் கணிசமாக மிஞ்சும். அக்ரிலிக் குவெட் வேண்டாம், அசிட்டோநைட்ரைல் அதை அரிக்கும்.

0, 10, 25, 50, 100, 250, 500 நானோமோலார் நியமங்களை மாதிரியைப் போலவே அமிலம் சேர்த்து, நடுநிலையாக்கி, அதே 3.0 மி.லி.யாக வையுங்கள். அப்போது, செறிவுக்கு எதிராக ஒளியை வரைந்த கோட்டில் படிக்கும் எண்ணே மாதிரியின் எண், நீர்ப்புக் கணக்கு தேவையில்லை.

கண்டறியும் எல்லை என்பது பிளாங்கின் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கை, கோட்டின் சரிவால் வகுப்பது. இதில் ஒரு தவறு பல அறிக்கைகளில் இருக்கிறது. ஒரே பிளாங்க் குப்பியைப் பத்து முறை அளந்து, அந்தச் சிதறலைப் போடுகிறார்கள். அது கருவியின் நடுக்கம் மட்டுமே. பத்துப் பிளாங்குகளைத் தனித்தனியாக, முதல் அமிலத் துளியிலிருந்து செய்து அளக்க வேண்டும். எல்லை பல மடங்கு உயரும். மனம் வாடினாலும் அதுதான் உண்மையான எண். தேர்வாளர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

8. உண்மையான நீரில் கோடு ஏன் தடுமாறுகிறது

தூய நீரில் நேர்க்கோடு வந்துவிட்டது. இனி ஆற்று நீரில் 100 நானோமோலார் பாதரசத்தை நீங்களே சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 விழுக்காடு என்றால் சரி. பெரும்பாலும் முதல் முறை குறைவாகத்தான் வரும்.

கடல் நீர் கலந்திருந்தால் காரணம் குளோரைடு. கடலில் ஏறக்குறைய எல்லாப் பாதரசமும் குளோரைடு அணைவாகத்தான் இருக்கிறது, புரோப் அதனோடு போட்டியிட வேண்டும். தூய நீரில் வரைந்த கோட்டை இங்கே பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவுகளைக் கூட்டிக் கூட்டி அளக்கும் நியமக் கூட்டல் முறைக்கு மாறுங்கள். வேலை நாலு மடங்கு, ஆனால் வேறு வழியில்லை.

சதுப்பிலிருந்து வரும் பழுப்பு நீரானால், அங்கே ஹியூமிக் பொருளின் கந்தகத் தொகுதிகள் பாதரசத்தை முன்பே பிடித்துவிட்டன. நிறம் ஒளியையும் விழுங்கும். 530 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.1ஐத் தாண்டினால் நீர்த்துவிட்டு அளங்கள். பிடிபட்டதை விடுவிக்க மூடிய பாத்திரத்தில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் செரிக்க (கரிமப் பொருளைச் சிதைக்க) வேண்டும். திறந்த முகவையில் கொதிக்க வைத்தால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், புகைக்கூண்டு அதைச் சுவாசித்துக்கொள்ளும். செரித்த பிறகு பெராக்சைடு மிச்சம் இல்லாதபடி பார்க்க வேண்டும். மீனுக்கும் இதே வழிதான். மீன் தசையிலுள்ளது பெரும்பாலும் மெத்தில் பாதரசம், செரிக்காமல் புரோப்பிடம் கொடுப்பதில் பயனில்லை.

குழாய் நீர் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். அதிலுள்ள குளோரின் ரோடமீன் வளையத்தைத் திறந்து, பாதரசம் இருப்பதாகக் காட்டும். உங்கள் வீட்டுக் குழாய் நீர் பளிச்சென்று ஒளிர்ந்தால் குடும்பத்தாரைப் பயமுறுத்தாதீர்கள். ஹைட்ராக்சிலமீன் மிகச் சிறிதளவு சேர்த்துக் குளோரினை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மீன் தொட்டிக்குப் போடும் தயோசல்பேட்டை இங்கே போடக் கூடாது, அது பாதரசத்தையே பிடித்துக்கொள்ளும்.

9. உறுதிப்படுத்துதல்

ஒளிர்ந்த மாதிரிகள் அனைத்தையும், ஒளிராதவற்றில் சிலவற்றையும், அதே பாட்டிலிலிருந்து குளிராவி முறைக்கு அனுப்புங்கள். அங்கே வெள்ளீயக் குளோரைடு பாதரசத்தை ஆவியாக்கும், 253.7 நானோமீட்டரில் அளப்பார்கள். வெள்ளியும் பல்லேடியமும் ஆவியாக வராது என்பதால் மூன்றாம் படியில் சொன்ன பொறி இங்கே அவிழ்ந்துவிடும். ஒரு மாதிரிக்கு 100 மி.லி. வரை கேட்கலாம், அதற்கேற்பப் பாட்டிலை நிரப்பியிருக்க வேண்டும். ஐசிபி-எம்எஸ்ஸாக இருந்தால், தங்கம் சேர்த்து நிலைப்படுத்தி ஓட்டச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

புரோப் எண்ணை மட்டும் வைத்து எந்த ஆலையையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள். சுற்றுச்சூழல் துறையிடம் புகார் கொடுக்கும் அளவுக்கு எண் பெரிதாக இருந்தால், அந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லிப் புகார் கொடுங்கள். எண்ணுக்கு வலு வேண்டுமானால் மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்தில் பாதரசச் சோதனைக்கே அங்கீகாரம் பெற்ற லேப் ஒன்றில் தனி மாதிரி கொடுங்கள். லேபுக்கு அங்கீகாரம் இருப்பது போதாது, அந்தச் சோதனை அதன் அட்டவணையில் இருக்க வேண்டும்.

10. கழிவு

ஒரு துளிகூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் அட்டவணைக் கழிவுக் குறியீட்டில் பாதரசம் கலந்த நீர் எஸ்டபிள்யூ 109, மாசுபட்ட கையுறையும் வடிகட்டியும் தாளும் எஸ்டபிள்யூ 410, காலிப் புட்டிகள் எஸ்டபிள்யூ 409. லேபிளில் குறியீடு, பொருள், முதல் நாள் தேதி, லேபின் பெயர் இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் வசூல் நாள் எப்போது என்று பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு, பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். அகற்றும் கட்டணம் யார் கணக்கு என்பதையும் அப்போதே கேளுங்கள். சில ஆய்வு மானியங்களில் அதற்குத் தனி வரி இருக்காது.

செரித்த அடர் நைட்ரிக் கழிவையும், அசிட்டோநைட்ரைலோ எத்தனாலோ உள்ள கழிவையும் ஒரே கலனில் சேர்க்காதீர்கள். மூடிய கலனில் வாயு பெருகி வெடிக்கும். ஹைட்ரசீன் கழிவு மூன்றாவது தனிக் கலன், உலோகமோ ஆக்சிஜனேற்றியோ அதில் படக் கூடாது. படிப்பு முடிந்து கிளம்பும் முன், ஸ்டாக் புட்டிகளையும் சேர்த்து ஒப்படைத்து, ஒப்படைத்த படிவத்தின் நகலை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.